முத்துமாரி தைத்த நீலத்தோல்

முத்துமாரியை எனக்குப் பிடிக்காது. ஊரில் மற்ற எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆம்பூரில் எங்கள் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள். குறை சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். இப்போது எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரத்தினசாமி. டேனரியில் இருபத்திரண்டு வருடமாக செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மேஜைமேல் விரித்து, குற்றம் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிக்க வேண்டும். உண்ணிக்கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தேறாத தோலில் ரிஜெக்ட் என்பதற்கு 'ஆர்' என்று எழுதி ஓரம் தள்ளுவேன். இந்த வேலையில் வருகிற கெட்ட பழக்கம், மனிதர்களையும் அப்படியே விரித்துப் பார்ப்பது. கல்யாணமான மறுவாரம் என் மனைவி சவுரியம்மாள் ஆசையாகக் கேட்டாள், "இன்னாங்க, நானு எந்த செலக்‌ஷன்?" உண்மையைச் சொல்லுகிற புத்தியில் "ரெண்டு" என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஓட்டல் சாப்பாடு.

முத்துமாரி எங்கள் எதிர்வீடு. சொந்த ஊர் நாட்றம்பள்ளி. வேன் ஓட்டுகிற பூவரசனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள், வந்த மூன்றாம் மாதமே ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடமாக ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறாள். டேப் பிடிக்காமல் ஆளைப் பார்த்தே அளவு சொல்வாள். ஒருநாள் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, "அண்ணா, உனுக்கு வலது கால் ஒம்போது, இடது கால் ஒம்போதரை" என்றாள். நாற்பது வருடமாக இடது செருப்பு ஏன் கடிக்கிறது என்று எனக்கே தெரியாது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் காலைப் பற்றி எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியலாம் என்றுதான் தோன்றியது.

இன்னொன்றும் சொல்கிறேன். அவள் மகள் தமிழினி பத்தாவது படித்த வருடம் இவளும் கூடவே உட்கார்ந்து படித்து, தனியாகப் பரீட்சை எழுதினாள். கணக்கில் மகளைவிட ஏழு மார்க் அதிகம். தெருவே கேசரி கிண்டித் தின்றது. அதே கணக்கில் நான் மூன்று தடவை கோட்டை விட்டவன். அந்தக் கேசரியில் முந்திரி கம்மி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. கல்யாண வீடியோ எடுக்கிற தபரேஸ், கொரோனாவில் கல்யாணங்கள் நின்றுபோக, கை சும்மா இருக்க முடியாமல் ஒரு படம் எடுத்தான். பெயர் 'நீலத்தோல்'. வேற்றுக்கிரகத்திலிருந்து தோலே இல்லாத ஒரு ஜந்து பாலாற்று மணலில் வந்து விழுகிறது. மனிதர்களைப் பிடித்துத் தோலை உரித்துப் போர்த்திக்கொள்கிறது. போர்த்தியதும் அந்தத் தோல் நீலமாகிவிடும். அவ்வளவுதான் கதை. தோல் தேடி வந்த ஜந்து நேராக ஆம்பூருக்கே வந்ததால், விவரமான ஜந்து என்று எங்கள் ஜனங்கள் மெச்சினார்கள். விண்கலமாக நடித்தது ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஜந்துவின் முட்டைகள் ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடா. பாகு சொட்டச் சொட்டக் கேமராவில் பயங்கரமாகத்தான் இருந்தன. எறும்பு மட்டும் மொய்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த நீலத்தோல் என் யோசனை. தோலைக் குரோம் உப்புக் கரைசலில் போட்டுப் பதப்படுத்தி டிரம்மிலிருந்து எடுக்கும்போது வெளிர்நீலமாக, ஈரமாக இருக்கும். வெட் ப்ளூ என்போம். அதை அப்படியே வெயிலில் விட்டால் சுருங்கி, விறைத்து, பலகையாகிவிடும். எண்ணெய் ஏற்றி, நிழலில் மெல்லக் காயவைத்து, இழுத்து இழுத்துப் பதம் பண்ணினால்தான் துணிபோல மெத்தென்று வரும். கழித்துப் போட்ட ஆட்டுத்தோல்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி அத்தனையும் செய்தது நான். துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தது முத்துமாரி. உள்ளே நுழைந்து உறுமியது நான்.

படம் போனில் போனில் பரவியது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் பாகாயம் வரை என்னைத் தெரிந்தது. பிள்ளைகள் "ஏலியன் மாமா" என்று பின்னால் ஓடிவந்தார்கள். இரண்டு வருடம் நான் தரையில் நடக்கவில்லை. சவுரியம்மாள்தான், "வேசத்த கழட்டி இத்தினி நாளாச்சு, இன்னும் மூஞ்சில ஒட்டிக்கினு இருக்குது பாரு" என்பாள்.

போன சித்திரைக்கு முன்னால் தபரேஸ் இரண்டாம் பாகம் ஆரம்பித்தான். டீக்கடையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொன்னான். முதல் பாகத்தில் செத்துப்போன ஜந்துவைத் தேடி அதன் தாய் கூட்டத்தோடு பூமிக்கு வருகிறது.

"தாய் யாரு?" என்றேன்.

"முத்துமாரிக்கா."

"அப்ப நானு?"

"நீங்கதாண்ணா செத்துப்போன புள்ள."

எனக்கு நாற்பத்தேழு, அவளுக்கு முப்பத்தெட்டு. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். தபரேஸ் அவசரமாக, "வேற ரோலும் கீதுண்ணா. ஆத்துல ஆடு மேய்க்கிறவரு. ஏலியன மொதல்ல பாக்கிறதே நீங்கதான்" என்றான். பார்த்து என்ன செய்கிறேன் என்று கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில் சாகிறேனாம். இந்தத் தடவை உடையைத் தயாரிப்பதும் முத்துமாரியேதானாம். "மொத படத்துல அந்தத் தையல்தாண்ணா எல்லாரும் கேட்டாங்க" என்றான். தோலைப் பதம் பண்ணியவன் நான், புகழ் ஊசிக்கா?

அன்று மாலையே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு நோட்டில் தாய் ஜந்துவை வரைந்து கொண்டுவந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி உயரமான பட்டை, மார்பில் செதில் செதிலாக இருநூறு துண்டு, முதுகில் இறுக்கிக் கட்டும் நாடா. நல்ல வரைபடம். நான் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன், ஒரு குற்றமும் இல்லை. "அண்ணா, போன தபா மாதிரியே உங்க டேனரில இருந்து கொஞ்சம் நீலத்தோல் எடுத்துக் குடேன்" என்றாள்.

கொடுத்தேன். டிரம்மிலிருந்து வந்து இரண்டு நாளான ஈரத்தோல், பாலிதீன் பையில் சுற்றி. அவள் பையைத் திறந்து தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்குதேண்ணா. இத்த அப்படியே தைக்கலாமா? இல்ல வேற எதனா பண்ணணுமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இருபது வருடம் தினமும் தோலைத் தொட்டவளுக்குத் தோலைப் பற்றித் தெரியாதா என்பார்கள். தெரியாது. டேனரி கேட்டுக்குள் நாங்கள் பார்ப்பது ஈரமும் நீலமும். ஷூ கம்பெனி கேட்டுக்குள் அவர்கள் பார்ப்பது எண்ணெய் குடித்து, சாயம் ஏறி, பளபளவென்று வருகிற தோல். இரண்டு கேட்டுக்கும் நடுவே ஒரு ரோடுதான். ஆனாலும் அவள் வெட் ப்ளூ காய்ந்து பார்த்ததே இல்லை, நான் ஊசி பிடித்ததே இல்லை. முதல் படத்தில் நான் எல்லாம் முடித்துக் காய்ந்த தோலைத்தான் அவளிடம் கொடுத்திருந்தேன்.

நான் சொன்னது இதுதான்: "தையேன். இந்தப் படத்துக்கு நீதானே எல்லாம்."

அவள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். தோல் காயாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றிவைத்து, வேலை முடிந்து வந்து நாலு வாரம் தைத்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணக்கு சின்னக் கணக்கு. உடை காய்ந்து கோணிக்கொள்ளும், பார்க்க அசிங்கமாகும், தபரேஸ் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வருவான், "அண்ணா, நீங்கதான் வரணும்" என்பான். அவளுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மாதா சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் ஆகுமா என்றும் யோசித்துப் பார்க்கவில்லை.

ஷூட்டிங் ஞாயிற்றுக்கிழமை, பாலாற்று மணலில். காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. முத்துமாரி வேனுக்குள்ளிருந்து உடையோடு இறங்கினாள். வெளிர்நீலமாக, ஈரம் மின்ன, செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. நிஜமாகவே வேறு எங்கிருந்தோ வந்த ஒன்றைப்போல இருந்தாள். என் ஆடுகளே மிரண்டு ஓடின. நான் மூன்று வருடம் முன்னால் போட்டது இதற்குப் பக்கத்தில் கோணிப்பை. எனக்கு அழுகை வந்தது, அதை வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குள் நான் செத்து முடிந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. தபரேஸ் ஒரு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை என் முதுகில் மாட்டி, "அண்ணா, அக்கா மேல தண்ணி அடிச்சிக்கினே இருங்க, மின்னணும்" என்றான். அடித்தேன். பதினொரு மணி வாக்கில் ஸ்பிரேயர் காலியானது. தண்ணீர் கேன் கரைமேல் பூவரசனின் வேனில் இருந்தது. நூறு அடி நடந்தால் போதும்.

நான் நடக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றேன். நீலம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் தோள், பிறகு முழங்கை. செதில்களின் ஓரம் மேலே சுருண்டது. வெயிலில் மறந்துவிட்ட வடாம் அப்படித்தான் சுருளும். அவள் மெல்லத் திரும்பி, "அண்ணா, தண்ணி" என்றாள். "வருது" என்றேன். காலி ஸ்பிரேயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதையும் சொன்னேன்.

பிறகு கடைசிக் காட்சி. தாய் ஜந்து மணல்மேட்டில் நின்று, மகனுடைய பழைய தோலைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி அலற வேண்டும். என்னுடைய அந்தப் பழைய உடையைத்தான் மணலில் கிடத்தியிருந்தார்கள். தபரேஸ் கத்தினான், கேமராக்காரன் கௌதம் ஓட்டினான், முத்துமாரி கையைத் தூக்கினாள். அலறல் வரவில்லை. தூக்கிய கை இறங்கவும் இல்லை. உடம்பு அப்படியே நின்று லேசாக நடுங்கியது.

"சூப்பர்க்கா! அப்படியே! அப்படியே!" என்று தபரேஸ் குதித்தான். சுற்றி நின்ற அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு அதை நடிப்பு என்று பார்த்தார்கள். அது நடிப்பில்லை என்று தெரிந்தவன் அந்த ஆற்றிலேயே நான் ஒருவன்தான். கழுத்துப் பட்டை இறுகிவிட்டது. மார்பு பலகையாகிவிட்டது. அவளால் மூச்சு இழுக்க முடியவில்லை.

ஓடினேன். தோல் ஓரம் நறுக்குகிற கத்தி எப்போதும் என் பையில் இருக்கும். அதை உருவிக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கத்திக்கொண்டு மேட்டில் ஏறினேன். முதுகு நாடா இரும்புக்கம்பிபோல இறுகிக் கிடந்தது. தையலில் கத்தியை வைத்தேன், அறுபடவில்லை. இரட்டை நைலான் நூல், ஒரு கண்ணிகூட விடவில்லை. கடைசியில் தையலை விட்டுவிட்டுத் தோலைத்தான் கிழித்தேன், கழுத்திலிருந்து இடுப்புவரை. நாலு வார வேலை இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளேயிருந்து முத்துமாரி மணலில் சரிந்து, பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தாள்.

பூவரசன் கரையிலிருந்து கேனோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றினான். தலைக்கு வைக்க யாரோ என் பழைய உடையைச் சுருட்டிக் கொடுத்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. "அண்ணா, நீ ஓடிவரலன்னா போய்ச் சேந்துட்டிருப்பேன்" என்றாள். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். பூவரசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்போது முத்துமாரியின் கை தலைக்கடியில் இருந்த பழைய தோலைத் தடவிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகியும் துணிபோல மெத்தென்று இருந்தது அது. இன்னொரு கையை நீட்டி, பக்கத்தில் விறைத்துக் கிடந்த தன் தோலைத் தொட்டாள். மறுபடி இதைத் தொட்டாள். என்னை ஒருதரம் பார்த்தாள்.

மாலை தெருவில் எல்லோரும் கண்ணு பட்டுடுச்சு என்று முடிவு பண்ணினார்கள். பூவரசனின் அம்மா உப்பும் மிளகாயும் கொண்டுவந்து முத்துமாரியை உட்காரவைத்துச் சுற்றினாள். "அண்ணனுக்கும் சேத்து சுத்துங்க அத்த, அதுவும்தானே வெயில்ல கஷ்டப்பட்டுச்சு" என்றாள் முத்துமாரி. என்னையும் அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றேன், யாரும் கேட்கவில்லை. மிளகாயை நெருப்பில் போட்டார்கள். நெடியே வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. "யப்பா, எவ்ளோ பெரிய கண்ணு! எந்தப் பாவி கண்ணோ, அவிஞ்சி போக!" என்று கிழவி விரலை நெரித்தாள். என் கண் அங்கேயே, அவளுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

கிழிந்த உடையை வைத்துக்கொண்டு தபரேஸ் சும்மா இருக்கவில்லை. நான் கத்தியோடு ஓடிவந்தது கேமராவில் விழுந்திருந்தது. மூன்றாவது நிமிடத்தில் செத்தவன் எப்படி ஓடிவருவான்? செத்தவனுக்கு ஒரு இரட்டைத் தம்பி என்று இரண்டு வசனம் சேர்த்தான். ஆக, தாய் ஜந்துவைக் கொன்று பூமியைக் காப்பாற்றுகிறவன் நானே ஆகிவிட்டேன். ஆசைப்பட்டது இப்படித்தான் வந்து சேர்ந்தது. நடுவில் ஒருநாள் கௌதம் சாதாரணமாகச் சொன்னான், "அண்ணா, கடைசி சீன் முன்னாடி அரை மணி நேரம் கேமராவ ஆஃப் பண்ணவே இல்ல. நீங்க பின்னாடி ஸ்பிரேயரோட நிக்கிறதெல்லாம் கிளியரா விழுந்திருக்குது. செம லுக்குண்ணா." அந்த அரை மணி நேரம் என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். தெருவே வந்திருந்தது. முதலில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, உயிரைக் காப்பாற்றியவர் என்று மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியது தமிழினி. "தேங்க்ஸ் மாமா" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். மைக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இறங்கிவந்து முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். நான் செத்ததற்குச் சிரித்தார்கள். மக்கன் பேடா முட்டைகளுக்கு அலறினார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அந்த ஒரு காட்சிக்காகக் காத்திருந்தேன். இத்தனை பெரிய திரையில் அந்த முகத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். மணல்மேடு வந்தது. தாய் ஜந்து கையைத் தூக்கியது. அதற்குப் பின்னால் சீமைக்கருவேலமும் மலையும் மட்டும் இருந்தன. நான் இல்லை. நேராக நான் கத்தியோடு ஓடிவருவதுதான் வந்தது. மண்டபமே விசிலடித்தது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "பின்னாடி நான் நின்னது வரலியே" என்றேன்.

முத்துமாரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எடிட்டிங்ல பாத்துட்டு நான்தாண்ணா தபரேஸ்கிட்ட வெட்டச் சொன்னேன்."

"ஏன்?"

"தமிழினியும் படத்த பாக்குமில்ல? மாமா மாமான்னு உன்னையே சுத்தற பொண்ணு."

அவ்வளவுதான். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். என்னைக் கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம், தெருவில் நிறுத்தி நாலு அறை விட்டிருக்கலாம். எதுவும் செய்யாமல் முறுக்கு தின்றுகொண்டு படம் பார்த்தாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் காட்சியை ஊர் முழுக்கப் போட்டுக் காட்டியிருப்பேன். அதை நினைத்தபோது, அத்தனைக்குப் பிறகும், எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இந்த மனசும் என்னிடம் இல்லையே, அதுவும் இவளிடமே இருக்கிறதே என்று.

மறுநாள் டேனரியில் ஒரு தோலுக்கும் என்னால் தரம் போட முடியவில்லை. மேஸ்திரி, "இன்னாய்யா, கண்ணு தெரியலியா?" என்றார். ஒரு வாரம் யோசித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் முதலில் எதிர்வீட்டில்தான் கொடுப்பேன். முத்துமாரி வெட்டச் சொன்ன காட்சி மேலே முழுசாக இருக்கிறது, காலி ஸ்பிரேயரோடு. அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். தமிழினியும் படிக்கட்டும்.